‘காலவரையின்றி’ என்றால் 34 ஆண்டுகள்

கரீபியக் கடலில் செயின்ட் கிட்ஸ் என்றொரு சின்னத் தீவு. அங்கே கரையோரமாக ஒரு குறும்பாதை ரயில் ஓடுகிறது. கப்பலில் வந்திறங்கும் சுற்றுலாப் பயணிகள் அதன் மேல்தளத்தில் உட்கார்ந்து, ஒரு பக்கம் கடலையும் மறுபக்கம் மலையையும் பார்த்துக்கொண்டே போகிறார்கள். தண்டவாளம் அவர்களுக்காகப் போட்டதல்ல. வெட்டிய கரும்பை வயல்களிலிருந்து தலைநகர் பாஸ்டெரில் இருந்த ஆலைக்குக் கொண்டுவர 1912இல் போடத் தொடங்கியது. 2005இல் கடைசி அரைவை முடிந்து ஆலையைப் பூட்டினார்கள். மூன்று நூற்றாண்டுக்கும் மேலாகச் சர்க்கரையை நம்பியே இருந்த தீவு, ஒரு பருவத்தோடு அதை விட்டுவிட்டது.

ஆலையை மூடியதற்குக் கடன், நஷ்டம், வெட்ட ஆள் கிடைக்காதது என்று காரணங்கள் பல. இன்னும் சில ஆண்டுகள் இழுத்துப் பிடிக்கலாம் என்று இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் முறித்தது பிரஸ்ஸல்ஸிலிருந்து வந்த சேதி. ஐரோப்பா அதுவரை கொடுத்துவந்த சர்க்கரை விலை இறங்கப் போகிறது என்பதுதான் அது.

தன் ஊர்ச் சர்க்கரையின் விலையை வேறொரு கண்டத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் ஏன் தீர்மானிக்க வேண்டும்? பணக்கார நாடுகளும் வளரும் நாடுகளும் போட்டுக்கொள்ளும் ‘வர்த்தகக் கூட்டாண்மை’, ‘வளர்ச்சிக் கூட்டாண்மை’ ஒப்பந்தங்களைப் பற்றிப் பேசும்போது எவ்வளவு கோடி உதவி, எத்தனை சதவீத வரிச்சலுகை என்றுதான் செய்தி வரும். இவற்றைவிட முக்கியமான கேள்வி வேறொன்று இருக்கிறது என்பது என் எண்ணம். கொடுத்ததைத் திரும்ப எடுக்க யாரால் முடியும், எடுத்தால் எடுத்தவருக்கு என்ன செலவு? சர்க்கரையை வைத்தே இதைப் பார்த்துவிடலாம்.

லோமேயில் போட்ட பந்தி

1957இல் ரோம் உடன்படிக்கை மூலம் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகம் உருவானபோதே, தன் ஆப்பிரிக்கக் குடியேற்றங்களையும் அதோடு சேர்த்துப் பிணைக்க வேண்டும் என்று பிரான்ஸ் பிடிவாதம் பிடித்தது. அந்தச் சந்தையின் பயன் பிரான்ஸுக்கு, அதைத் தாங்கும் செலவு சமூகத்தின் ஆறு உறுப்பு நாடுகளுக்கும் என்பது கணக்கு. ஐரோப்பிய வளர்ச்சி நிதி அப்படிப் பிறந்ததுதான். குடியேற்றங்கள் விடுதலை பெற்றதும் 1963இல் கேமரூன் தலைநகர் யாவுண்டேயில் 18 ஆப்பிரிக்க நாடுகளோடு அதே உறவை ஒப்பந்தமாக எழுதிக்கொண்டார்கள்.

1973இல் பிரிட்டன் உள்ளே வந்தது. வரும்போது தன்னுடைய பழைய குடியேற்றங்களையும் கூட்டிக்கொண்டு வந்தது. 1975 பிப்ரவரி 28 அன்று, டோகோவின் தலைநகர் லோமேயில், ஐரோப்பாவின் 9 நாடுகளும் ஆப்பிரிக்கா, கரீபியன், பசிபிக் பகுதிகளின் 46 நாடுகளும் கையெழுத்திட்டன. இந்த மூன்று பகுதிகளின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த ‘ஏசிபி நாடுகள்’ என்ற பெயர் அங்கிருந்து நிலைத்தது.

அந்தப் பந்தியில் நமக்கு இலை போடவில்லை. இந்தியா, பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே பிரிட்டனின் பழைய குடியேற்றங்கள்தான். ஆனால் அவற்றுக்கு ‘உறவை மேம்படுத்த எண்ணியிருக்கிறோம்’ என்ற பொதுவான அறிவிப்பு மட்டுமே கிடைத்தது. மக்கள்தொகை பெரிது, அதோடு துணி, சணல் என்று ஐரோப்பிய ஆலைகளோடு நேருக்கு நேர் மோதக்கூடிய சரக்கு வைத்திருந்தவர்கள். காப்பியும் கோக்கோவும் விற்கும் நாட்டைக் கண்டு ஐரோப்பியத் தொழிலாளி பயப்படப் போவதில்லை. ஆசிய நாடுகளுக்கு, 1971 ஜூலை முதல் நடைமுறையில் இருந்த ஜிஎஸ்பி என்னும் பொது வரிச்சலுகைத் திட்டம் போதும் என்று விட்டுவிட்டார்கள். அது ஒப்பந்தம் அல்ல, கொடுப்பவர் தானாகவே எழுதித் தானாகவே மாற்றக்கூடிய சட்டம். இந்த வேறுபாடு பின்னால் கொழும்பில் எப்படி வெடித்தது என்பதற்கு வருகிறேன்.

லோமேயில் மூன்று விஷயங்கள் புதிது. ஒன்று, ஏசிபி சரக்குகளில் பெரும்பாலானவை வரியில்லாமல் ஐரோப்பாவுக்குள் போகலாம். பதிலுக்கு ஐரோப்பியச் சரக்குக்கு வரி குறைக்க வேண்டியதில்லை. இரண்டு, ஸ்டேபெக்ஸ் என்ற ஏற்பாடு: நிலக்கடலை, காப்பி, கோக்கோ போன்றவற்றின் ஏற்றுமதி வருமானம் ஒரு ஆண்டில் சட்டென்று விழுந்தால், அந்தப் பள்ளத்தை நிரப்பப் பணம். கேட்க அழகாகத்தான் இருந்தது. 1980இல் காப்பி, கோக்கோ விலைகள் சரிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கை நீட்டியபோது கேட்டதில் ஏறத்தாழ பாதிதான் கொடுக்க முடிந்தது, அடுத்த ஆண்டு அதற்கும் குறைவு. ஊரே நனையும் நாளில் விரிக்க முடியாத குடை அது.

மூன்றாவதுதான் சர்க்கரை.

65 சென்ட் இருந்தபோது பேசியது

லோமே ஒப்பந்தத்தோடு இணைத்த சர்க்கரை நெறிமுறை (புரோட்டோகால்) ஏன் மற்ற எதையும்விட வலுவாக எழுதப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு காரணம் சொல்லச் சொன்னால், 1974 நவம்பர் என்பேன். அந்த மாதம் உலகச் சந்தையில் சர்க்கரை விலை ஒரு பவுண்டு எடைக்கு 65 அமெரிக்க சென்ட்டைத் தொட்டது. மூன்றே ஆண்டில் அது 10 சென்ட்டுக்குக் கீழே போய்விட்டது என்பதை வைத்து அந்த உச்சத்தின் உயரத்தைப் புரிந்துகொள்ளலாம். பிரிட்டிஷ் கடைகளில் சர்க்கரைக்குத் தட்டுப்பாடு. தேம்ஸ் கரையில் இருந்த டேட் அண்ட் லைல் சுத்திகரிப்பு ஆலை பீட்ரூட் சர்க்கரைக்காக அமைக்கப்பட்டதல்ல, கரும்புச் சர்க்கரை வராவிட்டால் அங்கே வேலையில்லை. 1951 முதல் இருந்த காமன்வெல்த் சர்க்கரை ஒப்பந்தமோ அந்த ஆண்டோடு முடிகிறது.

மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவர்களும் சாமானியர்கள் அல்ல. கயானாவின் வெளியுறவு அமைச்சர் ஸ்ரீதத் ராம்பால், ஜமைக்காவின் பி.ஜே. பேட்டர்சன் போன்றவர்கள். ராம்பாலின் முன்னோர் இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள். சரக்குக்குத் தட்டுப்பாடு, பேசத் தெரிந்த ஆள், ஒன்றாக நிற்கும் 46 நாடுகள். ஏழை நாடுகளுக்கு இந்த மூன்றும் ஒரே நேரத்தில் அமைந்த தருணங்கள் வரலாற்றில் அதிகமில்லை.

விளைவு: ஆண்டுதோறும் ஏறத்தாழ 13 லட்சம் டன் கரும்புச் சர்க்கரையை உறுதியளித்த விலைக்கு வாங்கிக்கொள்ள ஐரோப்பா ஒப்புக்கொண்டது. அந்த விலை ஐரோப்பிய பீட்ரூட் விவசாயிக்குக் கிடைக்கும் விலையோடு கட்டப்பட்டிருந்தது. லோமே ஒப்பந்தமே ஐந்தைந்து ஆண்டுகளுக்குத்தான், ஆனால் சர்க்கரை நெறிமுறையின் முதல் விதி ‘காலவரையின்றி’ என்றது. இந்தியாவுக்கும் இதேபோல் சிறு அளவுக்குத் தனி ஒப்பந்தம் கிடைத்தது. பந்தியில் இடமில்லை என்றாலும் பார்சல்.

பத்தாவது விதியை அன்று யாரும் அதிகம் பொருட்படுத்தவில்லை. இரண்டு ஆண்டு முன்னறிவிப்புக் கொடுத்து யார் வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்றது அது.

மொரீசியஸ் என்ன செய்தது

அந்த 13 லட்சம் டன்னில் 4.9 லட்சம் டன் மொரீசியஸுடையது. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் இந்தத் தீவின் ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து உண்டு, தைப்பூசக் காவடிக்கு அரசு விடுமுறை உண்டு. 1834 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன இந்தியக் கூலிகளில் தமிழர்களும் இருந்தார்கள் என்பதன் மிச்சம் அது. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜேம்ஸ் மீட், 1960களின் தொடக்கத்தில் இந்தத் தீவின் எதிர்காலத்தைப் பற்றி மிக இருட்டாகத்தான் எழுதினார்: பயிர் ஒன்று, கூட்டம் அதிகம், வேலை இல்லை.

நெறிமுறை விலை பல ஆண்டுகளில் உலகச் சந்தை விலையைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்காக இருந்தது. அந்த உபரியை மொரீசியஸ் இரண்டு வழியில் பயன்படுத்தியது. ஏற்றுமதிச் சர்க்கரைக்கு வரி போட்டு அரசு பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் எடுத்துக்கொண்டது. தோட்ட முதலாளிகள் தங்கள் லாபத்தில் ஒரு பகுதியை, 1970இல் தொடங்கிய ஏற்றுமதி உற்பத்தி வலயத்தின் துணித் தொழிலில் போட்டார்கள். ஹாங்காங்கிலிருந்தும் ஆலைக்காரர்கள் வந்தார்கள். ஹாங்காங்கில் தைத்தால் ஐரோப்பாவில் கோட்டா, மொரீசியஸில் தைத்தால் கோட்டாவும் இல்லை, வரியும் இல்லை. இப்படி ஒரு சலுகையின் தோளில் இன்னொரு சலுகை ஏறி உட்கார்ந்தது. 1980களின் இறுதியில் தீவில் ஸ்வெட்டர் பின்ன ஆள் கிடைக்காத நிலை.

இதைப் பார்த்து ‘உதவி வேலை செய்யும், வாங்குபவன் கெட்டிக்காரனாக இருந்தால்’ என்று முடிவுகட்டத் தோன்றும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். இதே விலைதான் கயானாவுக்கும் ஃபிஜிக்கும் செயின்ட் கிட்ஸுக்கும் டிரினிடாடுக்கும் கிடைத்தது. அங்கெல்லாம் ஆலைகள் பெரும்பாலும் அரசின் கைக்கு வந்திருந்தன. ஒரு ஆலையை மூடினால் ஒரு தொகுதி போய்விடும். நல்ல விலை வந்ததால் மாற வேண்டிய அவசரம் வரவில்லை, பழைய இயந்திரமே ஓடியது. ஃபிஜியில் கரும்பு விவசாயிகள் பெரும்பாலும் இந்திய வம்சாவளியினர், அவர்களில் கணிசமானோரின் முன்னோர் 1903 முதல் மெட்ராஸ் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அவர்கள் உழுத நிலமோ குத்தகை. 1990களின் இறுதியில் குத்தகைகள் முடிய, புதுப்பிக்காமல் போன வயல்கள் ஏராளம். நல்ல விலை வந்து என்ன, நிற்க நிலம் இல்லையே!

பிரேசில் கேட்ட கேள்வி

இந்தக் கொடையில் ஒரு கணக்கு மறைந்திருந்தது. ஐரோப்பாவுக்கு ஏசிபி சர்க்கரை உண்மையில் தேவைப்படவில்லை. விவசாயிகளைத் தாங்கிப்பிடிக்கும் பொதுவேளாண் கொள்கையின் தயவில் அதன் பீட்ரூட் வயல்களே தேவைக்கு மேல் விளைவித்தன. ஆகவே மொரீசியஸிடமும் ஃபிஜியிடமும் வாங்கிய அளவுக்குச் சமமான சர்க்கரையை மானியம் கொடுத்து உலகச் சந்தையில் தள்ளிவிட்டது. அதனால் உலக விலை அமுங்கியது. அமுங்கிய விலையில் விற்க வேண்டியிருந்தவர்களில் பிரேசிலும் தாய்லாந்தும் உண்டு. அவையும் வளரும் நாடுகள்தான். ஒரு ஏழைக்குக் கொடுத்ததின் செலவில் ஒரு பங்கை இன்னொரு ஏழை சுமந்தான்.

பிரேசில், தாய்லாந்து, ஆஸ்திரேலியா மூன்றும் உலக வர்த்தக நிறுவனத்தில் வழக்குப் போட்டன. 2005இல் மேல்முறையீட்டிலும் ஐரோப்பா தோற்றது. தீர்ப்பு மானிய ஏற்றுமதிக்கு எதிரானது, ஏசிபிக்குக் கொடுத்த விலைக்கு எதிரானதல்ல. ஆனால் வீட்டுக்குள் பீட்ரூட் விவசாயிக்கு விலையைக் குறைத்தால், அதோடு கட்டப்பட்ட கரும்பு விலையும் சேர்ந்துதான் இறங்கும். டன்னுக்கு 523.7 யூரோவாக இருந்த விலை நான்கு ஆண்டுகளில் 335.2 யூரோவாகக் குறைக்கப்பட்டது, 36 சதவீத வெட்டு. ஐரோப்பிய விவசாயிக்கு அதற்கு ஈடாக நேரடியாகப் பணம் கொடுத்தார்கள். ஏசிபி நாடுகளுக்கு ‘துணை நடவடிக்கை’ என்ற பெயரில் 18 நாடுகளுக்குப் பகிர்ந்து 2013 வரை 120 கோடி யூரோவுக்குச் சற்று மேல் ஒதுக்கினார்கள். அதுவும் திட்டம் எழுதி, அனுமதி வாங்கி, கட்டம் கட்டமாக. ஃபிஜிக்கு வர வேண்டியது 2006 டிசம்பர் ராணுவப் புரட்சியால் நிறுத்திவைக்கப்பட்டது. புரட்சி செய்தவர் தளபதி. காத்திருந்தவர்கள் கரும்பு விவசாயிகள்.

2007 செப்டம்பரில் பத்தாவது விதிக்கு வேலை வந்தது. ஐரோப்பிய ஒன்றியம் முன்னறிவிப்புக் கொடுத்தது. 2009 செப்டம்பர் 30 அன்று சர்க்கரை நெறிமுறை முடிந்தது. ‘காலவரையின்றி’ என்று எழுதிய சொல்லின் ஆயுள் 34 ஆண்டுகள்.

அப்போது சர்க்கரை 65 சென்ட் இல்லை. ராம்பால்கள் இல்லை. 46 நாடுகள் 70க்கும் மேலாகப் பெருகி, ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தன. மொரீசியஸ் ஆலைகளை ஒன்றிணைத்து, கச்சாச் சர்க்கரைக்குப் பதில் வெள்ளைச் சர்க்கரையும் சிறப்பு ரகங்களும் விற்று, சக்கையை எரித்து மின்சாரம் தயாரித்துச் சமாளித்தது. டிரினிடாட் அதற்கு முன்பே விட்டுவிட்டது. கயானா இழுத்துப்பிடித்து, கடைசியில் 2016, 2017இல் நான்கு தோட்டங்களை மூடிப் பல ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பியது.

வாழைப்பழத்தின் கதை இதன் தங்கை. செயின்ட் லூசியா, டொமினிகா போன்ற தீவுகளின் வாழைக்கு ஐரோப்பா இடம் ஒதுக்கியதை எதிர்த்து ஈக்வடார், குவாட்டமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோவோடு சேர்ந்து வழக்குப் போட்டது அமெரிக்கா. தன் மண்ணில் ஏற்றுமதிக்கு வாழை விளையாத அமெரிக்காவின் அக்கறை, லத்தீன் அமெரிக்காவில் தோட்டம் வைத்திருந்த தன் நிறுவனங்கள்மீது. 1999இல் ஐரோப்பியக் கைப்பை, படுக்கை விரிப்பு போன்றவற்றின்மீது ஆண்டுக்கு 19.1 கோடி டாலர் அளவுக்குப் பழிவாங்கும் வரி போட அதற்கு அனுமதி கிடைத்தது. வாழை விவசாயி ஒருவரும் கையெழுத்துப் போடாத சண்டை அது.

கென்யாவின் மூன்று மாதம்

1996 வாக்கில் ஐரோப்பாவிலேயே கேள்வி எழுந்துவிட்டது: இவ்வளவு சலுகை கொடுத்தும் என்ன ஆயிற்று? 1976இல் ஐரோப்பிய இறக்குமதியில் ஏசிபி நாடுகளின் பங்கு 6.7 சதவீதம், 1998இல் ஏறத்தாழ 3. அதோடு, வளரும் நாடுகளுக்குள்ளேயே பழைய குடியேற்றங்களுக்கு மட்டும் தனிச்சலுகை கொடுப்பது உலக வர்த்தக விதிகளுக்கு முரண். விதிவிலக்கு வாங்கி வாங்கித்தான் லோமே ஓடியது. 2000 ஜூனில் பெனின் நாட்டின் கொடொனூவில் போட்ட புதிய ஒப்பந்தம், 2007 முடிவோடு ஒருதலைச் சலுகைக்கு மங்களம் பாடியது. இனி ‘பொருளாதாரக் கூட்டாண்மை ஒப்பந்தம்’. நீங்களும் உங்கள் சந்தையில் 80 சதவீத அளவுக்கு, நீண்ட அவகாசம் எடுத்துக்கொண்டாவது, திறக்க வேண்டும். ‘கூட்டாண்மை’ என்ற சொல் ஒப்பந்தத்தின் பெயரிலேயே ஏறிய அதே நேரத்தில்தான், பெறுபவருக்கு இருந்த ஒருதலைச் சலுகை எடுக்கப்பட்டது.

இதில் ஒரு முடிச்சு விழுந்தது. உலகின் மிகப் பின்தங்கிய நாடுகளுக்கு ஐரோப்பா 2001 முதல் ‘ஆயுதம் தவிர அனைத்தும்’ என்ற திட்டத்தில் வரியில்லாமல் கதவைத் திறந்துவைத்திருக்கிறது. தான்சானியா, உகாண்டா அந்தப் பட்டியலில். கென்யா இல்லை. ஆனால் மூன்றும் ஒரே சுங்க ஒன்றியம், சேர்ந்துதான் கையெழுத்திட வேண்டும். தான்சானியாவுக்கு ஏற்கெனவே கிடைப்பதற்கு ஏன் விலை கொடுக்க வேண்டும்? கையெழுத்து இழுத்துக்கொண்டே போனது. 2014 அக்டோபர் 1 அன்று ஐரோப்பா கென்யாவின் சலுகையை நிறுத்தியது.

நைவாஷா ஏரிக்கரைப் பசுமைக்குடில்களில் இன்று வெட்டும் ரோஜா நாளையே விமானத்தில் ஏறி நெதர்லாந்து ஏலத்துக்குப் போயாக வேண்டும். கிடங்கில் வைத்து நல்ல காலம் வரட்டும் என்று காத்திருக்கும் சரக்கல்ல அது. அந்த அக்டோபரிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் வரி. அந்த மாதமே கிழக்கு ஆப்பிரிக்கப் பேச்சுவார்த்தை முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. கிறிஸ்துமஸ் அன்று சலுகை திரும்பி வந்தது. பிறகும் தான்சானியா கையெழுத்திட மறுத்தது. கடைசியில் கென்யா தனியாகவே 2023 டிசம்பரில் கையெழுத்திட்டு, 2024 ஜூலை 1 முதல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. வாடும் பூவைக் கையில் வைத்திருப்பவனோடு பேரம் பேசுவது எளிது. பெரிய உள்நாட்டுச் சந்தையும் எண்ணெயும் வைத்திருக்கும் நைஜீரியா இன்றுவரை மேற்கு ஆப்பிரிக்க ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை, அதை யாரும் அவசரப்படுத்தவும் முடியவில்லை.

எல்லாப் பழியையும் இந்த ஒப்பந்தங்கள்மீது போடுவதும் சரியல்ல. கானாவின் கோழிப் பண்ணைகளை உறைந்த கோழித் துண்டுகள் அழித்த கதை அடிக்கடி சொல்லப்படுகிறது. 2003இல் கானா நாடாளுமன்றம் கோழி இறக்குமதி வரியை 20இலிருந்து 40 சதவீதமாக உயர்த்தியது, பன்னாட்டு நாணய நிதியத்தோடு பேசியபிறகு அது கிடப்பில் போடப்பட்டது. கதவைத் திறந்துவைக்கச் சொன்னவர் கடன் கொடுத்தவர். இடது கை வர்த்தகம் பேசும், வலது கை கடன் பேசும், வாங்குபவருக்கு இரண்டும் ஒரே ஆளாகத்தான் தெரியும்.

உதவிப் பணத்திலும் இதே குழப்பம் உண்டு. மலேசியாவின் பெர்காவ் அணைக்கு பிரிட்டன் 23.4 கோடி பவுண்டு உதவி கொடுத்தது. பின்னணியில் 1988இல் பேசிய ஆயுத விற்பனை இருந்தது தெரியவந்து, வளர்ச்சிக்கான நிதியை இதற்கு எடுத்தது சட்டவிரோதம் என்று 1994இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்னது. அதன்பிறகு பிரிட்டன் உதவியை ஆயுதத்திலிருந்தும் தன் நாட்டுக் கம்பெனிகளிலிருந்தும் பிரித்துச் சட்டமே போட்டது. நல்ல திருத்தம். ஆனால் தொகையைக் குறைக்க எந்தச் சட்டமும் தடையாக நிற்கவில்லை: தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்ததை 2021இல் 0.5 ஆக்கினார்கள், 2027க்குள் 0.3 ஆகும் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். அந்தப் பணம் ராணுவத்துக்குப் போகிறது.

கொழும்புக்கு வந்த கடிதம்

இனி, இலை கிடைக்காமல் ஜிஎஸ்பியில் நின்றவர்களின் கதை.

2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 ஜூலையிலேயே இலங்கைக்கு ஐரோப்பா ஜிஎஸ்பி பிளஸ் கொடுத்தது. மனித உரிமை, தொழிலாளர் உரிமை, சுற்றுச்சூழல், நல்லாட்சி தொடர்பான 27 பன்னாட்டு உடன்படிக்கைகளை ஏற்று நடைமுறைப்படுத்தும் நாட்டுக்கான கூடுதல் சலுகை அது. ஆடைக்கு வரியே இல்லை. சாதாரண ஜிஎஸ்பியில் 9.6 சதவீதம், சலுகையே இல்லாவிட்டால் 12. டீ-சர்ட்டில் ஓரிரு சதவீத லாபத்துக்கு அடித்துக்கொள்ளும் தொழிலில் 9.6 என்பது உயிர்நாடி. வரியே கட்டாத வங்கதேசத்தோடு போட்டியிடும் திருப்பூர்க்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

போர் முடிந்த சில மாதங்களில், 2009 அக்டோபரில், ஐரோப்பிய ஆணையத்தின் விசாரணை அறிக்கை வந்தது. குடியியல் அரசியல் உரிமைகள், சித்திரவதைத் தடை, குழந்தை உரிமை ஆகிய மூன்று உடன்படிக்கைகளை இலங்கை முறையாக நடைமுறைப்படுத்தவில்லை என்றது. அடுத்த ஆண்டு நடுவில் 15 நிபந்தனைகளோடு கடிதம். ஏற்றால் இன்னும் ஆறு மாதம். இறையாண்மையில் தலையீடு என்று கொழும்பு மறுத்தது. 2010 ஆகஸ்ட் 15 அன்று சலுகை நின்றது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு மனம் இரண்டாகப் பிளப்பது இயல்பு. முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு கொழும்புக்கு வலிக்கும்படி யாராவது ஏதாவது செய்தார்களா என்றால், செய்தது இதுதான். அதேநேரம் வரி விழுந்தது மகிந்த ராஜபக்சவின் சம்பளத்தில் அல்ல. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயத்தில் வாடகை அறையில் நாலைந்து பேராகத் தங்கித் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த பெண்களின் ஓவர்டைமில் விழுந்தது. போருக்குப் பின் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வந்த ஆடைத் தொழிற்சாலைகளில் வேலைக்குப் போன பெண்களின் பிழைப்பும் அதே வரியைப் பொறுத்ததுதான். யாருடைய உரிமைக்காகக் கதவு சாத்தப்பட்டதோ, அவர்களின் விரலும் அந்தக் கதவிடுக்கில் இருந்தது.

பலன் இருந்ததா? உடனே இல்லை. ஐந்து ஆண்டுகள் அரசு அசையவில்லை. 2015இல் ஆட்சி மாறியதும் புதிய அரசு சலுகையைத் திரும்பப் பெறத் துடித்தது, வாக்குறுதிகள் கொடுத்தது, 2017 மே 19 அன்று சலுகை திரும்பியது. அந்த வாக்குறுதிகளில் தலையாயது, 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவது. 2021 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றம், இந்தச் சட்டத்தைச் சுட்டி, சலுகையைத் தற்காலிகமாக நிறுத்தலாமா என்று பார்க்கும்படி தீர்மானம் போட்டது. 2022 மார்ச்சில் சட்டத்தில் சில திருத்தங்கள் வந்தன. 2025 வசந்தத்தில் மறுபடியும் கண்காணிப்புக் குழு வந்தது. சட்டத்தை முழுதாக எடுக்கும் அளவுக்கு அழுத்தம் போதவில்லை, கொஞ்சம் தேய்க்கும் அளவுக்குப் போதுமாக இருந்தது. என் கணிப்பில் இந்த நெம்புகோலின் பலம் அவ்வளவுதான். சலுகையை எடுக்கும்போது அல்ல, எடுத்துவிடுவார்களோ என்ற பயம் இருக்கும்போது மட்டுமே அது வேலை செய்கிறது.

இதற்குள் யாரும் பேசாத ஒரு சின்ன விதி ஒளிந்திருக்கிறது. ஜிஎஸ்பி பிளஸ் இருந்தாலும் இலங்கையின் ஆடை எல்லாம் வரியில்லாமல் போய்விடுவதில்லை. துணியையும் உள்நாட்டிலோ குறிப்பிட்ட அண்டை நாடுகளிலோ நெய்திருக்க வேண்டும், சீனத் துணியைத் தைத்தால் பொதுவாகச் சலுகை கிடையாது. மிகப் பின்தங்கிய நாடான வங்கதேசத்துக்கு 2011 முதல் அந்தக் கட்டுப்பாடு இல்லை, எங்கிருந்து துணி வாங்கியும் தைக்கலாம். வங்கதேசம் அந்தப் பட்டியலிலிருந்து வெளியேறக் குறித்த நாள் 2026 நவம்பர் 24. வளர்ந்துவிட்டதற்காகச் சலுகையை இழக்கப் போகும் நாடு அது. அதனால் டாக்காவில் அந்தத் தேதியைக் கொண்டாடுவதைவிடத் தள்ளிப்போடச் சொல்லும் குரல்தான் அதிகம்.

ஐரோப்பா இப்போதுள்ள ஜிஎஸ்பி விதிகளை எழுதியது 2012இல், நடைமுறைக்கு வந்தது 2014இல். அவை 2023 முடிவோடு காலாவதியாக வேண்டியவை. புதியதில் உடன்பாடு வராததால் 2027 வரை நீட்டினார்கள். முட்டிக்கொண்ட இடங்கள் இரண்டு. ஒன்று, கம்போடியா, மியான்மர் அரிசி அதிகம் வந்தால் தடுப்பது. மற்றது, ஐரோப்பாவில் தஞ்சம் மறுக்கப்பட்டவர்களைத் திரும்ப ஏற்றுக்கொள்ளாத நாட்டின் வரிச்சலுகையைக் குறைப்பது. மனித உரிமைக்காக எழுதிய நிபந்தனைப் பட்டியலில், நாடு கடத்தப்படுபவரைக் கூட்டிக்கொண்டு போ என்பதும் சேர்ந்துகொள்கிறது.

ஆடை வாங்கும் நிறுவனங்கள் பல மாதம் முன்பே ஆர்டர் வைப்பவை. வரி உண்டா, இல்லையா, எத்தனை சதவீதம் என்பது அங்கே முடிவாகும்வரை காத்திருக்க இங்கே யாருக்கும் நேரமில்லை. கட்டுநாயக்கவில் இருப்பவர் இன்றைக்கே விலை சொல்ல வேண்டும்.